பெரும்பாணாற்றுப்படை காட்டும் இடியும் காட்டுத்தீயும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, கச்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையுற்று எதிர்வரும் பாணனுக்கு வழி கூறத் தொடங்குமிடத்தே இளந்திரையனது காவலின் சிறப்பை முதற்கண் எடுத்துரைக்கின்றான். ஆறலைத்துப் பொருள் பறிப்பார் அவன் நாட்டில் இலர். இடி வெகுண்டு முழங்குவதில்லை. பாம்பு கடித்துக் கொல்வதில்லை. காட்டு விலங்குகள் துன்பம் இழைப்பதில்லை. ஆதலின் வேண்டிய இடத்தே இளைப்பாறி, விரும்பிய இடத்தே தங்கிச் செல்லலாம் என்பது அவன் கூற்று.

இப்பகுதியைப் பயிற்றும் நாம் இதனை அரசனது செங்கோலைப் புகழும் உயர்வு நவிற்சி என்று கூறி அப்பாற் சென்றுவிடுகிறோம். யானும் வகுப்பறையில் பல்லாண்டு அவ்வாறே செய்து வந்தேன். ஆயின் கள்வர், இடி, பாம்பு, விலங்கு என வழிச்செல்வார்க்குரிய அச்சம் நான்கினை எண்ணும் புலவர், காட்டுத்தீயை ஏன் எண்ணவில்லை என்னும் வினா அண்மையில் எழுந்தது. அவர் கூறும் வழி காட்டு வழியே. எயினர் வாழும் கரம்பை நிலத்தையும், ஆயர் வாழும் முல்லை நிலத்தையும் கடந்தே பாணன் கச்சியை அடைதல் வேண்டும். அத்தகைய வழியில் வேனிற்காலத்தே தீ ஓர் அச்சமாகாதா?

இவ்வினா வெறும் உரை நயம் பற்றியதன்று. 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மலையேற்றம் சென்றோர் காட்டுத்தீயிற் சிக்கி, 20-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் நம் நாட்டில் காட்டுத்தீ பற்றிய பேச்சு மிகுந்தது. தீயை முற்றும் விலக்கவேண்டும் என்பார் ஒருசாரார். மின்னலால் இயற்கையில் எழும் தீயை எரியவிட்டு, மனிதர் இடும் தீயை மட்டும் தடுத்தல் வேண்டும்; அமெரிக்காவில் அவ்வாறே செய்கின்றனர் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் எடுத்துக்கொள்ளும் முடிவினால் மலைவாழ் மக்களின் வாழ்வும், அவர்மீது சுமத்தப்படும் பழியும் வேறுபடும். தமிழ் இலக்கியம் இதன்கண் சான்று கூறத்தக்கதா என்று நோக்குவதே இக்கட்டுரையின் பொருள்.

சங்க நூல்களுள் மின்னலும் இடியும் மிகுதியாகப் பேசப்படுகின்றன. மின், உரும், உருமு, ஏறு என அவற்றைக் குறிக்கும் சொற்களும் பல. ஆயினும் அவை வருமிடத்தை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் ஒழுங்கு புலனாகும். இடி பெரும்பாலும் குறிஞ்சிப் பாட்டுக்களில், கூதிர்க்காலத்து நள்ளிரவில், மழையோடு சேர்ந்து வருகிறது. இரவுக்குறி வரும் தலைவனது வழியின் கொடுமையைத் தோழி எண்ணிப் பார்க்குங்கால், பாம்பின் தலை சிதறுமாறு இடிக்கும் இடியும், பெருகிவரும் காட்டாறும், வழுக்கும் பாறையும் ஒருசேரக் கூறப்படும். அங்கே இடிக்குத் துணையாக நிற்பது நீரேயன்றி நெருப்பன்று.

காட்டுத்தீயோ பாலைக்கு உரியது. நண்பகலும் வேனிலும் பாலையின் பொழுதாகத் தொல்காப்பியம் வகுத்தது, பின்பனியையும் உடன்கூட்டியது. அப்பொழுதிலே உலர்ந்த மூங்கில் ஒன்றோடொன்று உராய்ந்து தீப்பிறத்தலும், அத்தீ காற்றால் மலைச்சாரலிற் பரத்தலும், யானை நிழலின்றி அலைதலும் பாலைப் பாட்டுக்களில் மீண்டும் மீண்டும் பயில்வன. அப்பாட்டுக்களில் வானம் வறண்டு கிடக்கும், மழை மறைந்திருக்கும், ஆதலின் இடிக்கும் ஆங்கு இடமில்லை. இடி வருமிடத்தே காடு எரிவதில்லை. காடு எரியுமிடத்தே இடி வருவதில்லை. இதற்குப் புறனடை எங்கும் இல்லை என்று யான் சாதிக்க வரவில்லை. இடியால் எரிந்த தனிமரத்தைச் சுட்டும் உவமைகள் இருக்கலாம். ஆயின் தனிமரம் எரிதல் வேறு, காடு எரிதல் வேறு.

இவ்விடத்தே ஒரு தடையை எதிர்கொள்ளல் வேண்டும். திணைப் பாகுபாடு என்பது புலவர் வகுத்துக்கொண்ட மரபு. மழையையும் இடியையும் குறிஞ்சிக்கும் முல்லைக்கும் வைத்து, தீயைப் பாலைக்கு வைத்தபின், அவை ஒரே பாட்டில் வாராமை இயல்பே. இதனை நிலத்தின் உண்மைக்குச் சான்றாகக் கொள்ளல் தகாது எனலாம். தடை வலியுடையதே. பாட்டினை எண்ணிக் காட்டுத்தீயின் கணக்கை எழுத முற்படுதல் நகைப்பிற்கிடமாகும். மூங்கில் உராய்ந்து தீப்பற்றும் என்பதனையே இக்கால வனவியலார் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. ஆயினும் அம்மரபு ஏன் அவ்வாறு அமைந்தது என்று வினவும் உரிமை நமக்கு உண்டு. மரபு வகுத்தோர் தம் கண்முன் நிகழ்ந்ததைக் கொண்டே வகுத்தனர். தமிழ்நாட்டின் பருவ நிலையை நோக்கின் அவர் வகுத்தது பொருந்துகிறது. நம் காடுகளில் தீ மிகுவது பிப்ரவரி முதல் மே முடியவுள்ள வறண்ட காலத்தில். மின்னல் மிகுவது கோடைமழையின் போதும், வடகிழக்குப் பருவமழையின் போதும். இரண்டிலும் மின்னலோடு மழையும் வருதலின், மின்னல் மூட்டிய தீ பரவுமுன் நனைந்து அவிதல் பெரும்பான்மை. இந்தியக் காடுகளில் எரியும் தீயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டது மனிதர் செயலால் எழுவது என்றே அரசுத் துறைகளின் அறிக்கைகளும் கூறுகின்றன.

உத்தரமேரூர்ப் பக்கத்து ஏரிக்கரைகளில் செல்வார் தலையிழந்து கருகி நிற்கும் பனைமரங்களை ஆங்காங்கே காணலாம். இடி விழுந்த மரங்கள் அவை. அவற்றுள் ஒன்றனைச் சுட்டி, கீழேயுள்ள புல்லும் முள்ளும் எரியவில்லையா என்று மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை ஒருகால் வினவினேன். மழை கொட்டும்போது புல் எப்படி எரியும் என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். என் வினாவின் பேதைமை அப்பொழுதே எனக்கு விளங்கிற்று.

இடியும் தீயும் பகை என்னும் கருத்து வடநாட்டுக் கதையொன்றிலும் உண்டு. பாரதத்துள் காண்டவ வனத்தை எரிக்கும் தீக்கடவுளுக்கு அருச்சுனன் துணை நிற்கின்றான். இடியேந்திய இந்திரனோ முகிலை ஏவி அத்தீயை அவிக்க முயல்கின்றான். அருச்சுனன் அம்பினால் கூரை வேய்ந்து மழையைத் தடுக்கின்றான். வில்லிபுத்தூரார் இதனைக் காண்டவ தகனச் சருக்கமாகப் பாடினார். அவர்க்குப் பன்னூற்றாண்டு முற்பட்ட சிறுபாணாற்றுப்படையும் அருச்சுனனைக் காடெரித்தவனாகவே குறிப்பிடுகின்றது. அப்பாட்டின் தலைவன் நல்லியக்கோடனது ஓய்மானாடு திண்டிவனத்தைச் சூழ்ந்தது. உத்தரமேரூர்க்குத் தெற்கே நெடுந்தொலைவில் அன்று. காடெரித்தல் கையால் நிகழும் செயல் என்பதும், வானத்தின் பங்கு அதனை அவித்தலே என்பதும் அக்கதையில் தெளிவு.

இனி, கையால் எழும் தீ யாது? இதற்கும் பெரும்பாணாற்றுப்படையே விடை தருகிறது. முல்லை நிலத்து இடையன் ஞெலிகோலைக் கைவருந்தக் கடைந்து தீ உண்டாக்குகின்றான். அத்தீக்கொள்ளியால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்து ஊதுகின்றான். கச்சிக்குச் செல்லும் வழியில், ஆநிரை மேயும் காட்டின் நடுவே, புகையெழுந்த இடம் இது. உரையாசிரியரும் நாமும் குழலோசையில் மனம் வைத்துப் புகையை மறந்தோம். மழை மாறிய காலத்தில் முல்லைக்காட்டில் ஒருவன் கொள்ளியோடு அமர்ந்திருத்தல் இன்றைய காட்டுச் சட்டப்படி குற்றமாகும் என்பது வேறு செய்தி. பாணன் எண்ணிய அச்சங்களுள் காட்டுத்தீ இடம்பெறாமைக்குக் காரணம் இதுவே என யான் கருதுகின்றேன். இடி, பாம்பு, விலங்கு ஆகியவை மனிதன் ஆணைக்கு அடங்காதவை. அவை அடங்கின என்று கூறுதல் அரசனுக்குப் புகழாகும். தீயோ மனிதன் கையில் இருப்பது. அது அச்சப் பட்டியலில் இல்லை, தொழிற் பட்டியலில் இருக்கிறது.

குறிஞ்சி நிலத்துத் தீ இதனினும் வெளிப்படை. குமணனைப் பாடிய பெருஞ்சித்திரனார், கானவர் எரித்துக் கருக்கிய புனத்தில் மழை பெய்தபின் விதைக்கும் காட்சியை உவமைக்குக் கொண்டார். புறநானூற்று 159-ஆம் பாட்டில் உள்ள கரிபுனம் என்னும் சொல் அத்தொழிலின் பெயர்போல் அமைந்துவிட்டது. கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனாரின் 168-ஆம் பாட்டோ, பன்றி கிளறிய நிலத்தையே உழவாகக் கொண்டு தினை விதைக்கும் குறவரைக் காட்டுகிறது. ஆகவே எங்கும் எரித்தனர் என்பதுமில்லை. எரிக்க வேண்டுமிடத்து எரித்தனர், வேண்டாவிடத்து விட்டனர் என்று கொள்ளலே நேரிது. கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கிக் குளம் தோண்டினான் என்று பட்டினப்பாலை புகழ்வதும் அக்காலத்தார் காட்டை நோக்கிய மற்றொரு நோக்கு. இதனை மறைத்துவிட்டு நம் முன்னோர் காட்டைக் கண்போற் காத்தனர் என்று மேடையில் முழங்குவது ஆராய்ச்சி ஆகாது.

சங்க காலத்திலிருந்து கல்வெட்டுக் காலத்திற்கு வருவோம். உத்தரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் உள்ள முதற் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுக்கள் இரண்டும் (கி.பி. 919, 921) 1898-இல் படியெடுக்கப்பட்டது முதல் உலகறிந்தவை. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டோர் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பஞ்சவார வாரியம், பொன் வாரியம் எனப் பல வாரியங்களில் 360 நாள் பணியாற்றினர். ஏரி வாரியத்தில் அறுவர் இருந்தனர். வயிரமேக தடாகம் என்று பெயர்பெற்ற அவ்வூர் ஏரியைத் தூரெடுப்பதற்கு வைத்த பொன்னறக்கட்டளைகளையும் கல்வெட்டுக்கள் குறிக்கின்றன. நீரை ஆளுதற்கு இத்துணை நுண்ணிய ஏற்பாடு கண்டோர், காட்டை ஆளுதற்கு ஒரு வாரியம் வைத்ததாக இவ்விரு கல்வெட்டிலும் குறிப்பில்லை. தீக்கும் வாரியம் இல்லை. (இன்று மின்னலின் பெயரையே கொண்ட மின்வாரியம் நமக்கு உண்டு என்பதை மாணவர் ஒருவர் நினைவூட்டினார், அது வேறு மின்.)

இதனால் காளியூர்க் கோட்டத்தில் காடே இல்லை என்று முடிவு செய்தல் தவறு. பல்லவர், சோழர் காலத்துத் தானச் சாசனங்கள் உடும்பு ஓடும் நிலத்தையும் ஆமை தவழும் நிலத்தையும் ஒருங்கே எல்லைக்குட் படுத்திக் கொடுப்பன. ஆமை தவழும் நிலம் நஞ்சை. உடும்பு ஓடும் நிலம் புதர்க்காடும் கரம்பும். நஞ்சைக்கு ஏரி வேண்டும். ஏரிக்கு வாரியம் வேண்டும். உடும்பு ஓடும் நிலத்தை ஆள்வதற்குச் சபையார் ஓலை எழுதவில்லை. அது ஆயர், வேட்டுவர், விறகெடுப்போர் ஆகியோரது வழக்கத்தின் கையில் இருந்தது. எழுதப்பட்டது பிற்காலத்தில் உரிமை எனப்பட்டது. எழுதப்படாத வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் குற்றம் எனப்பட்டது. சபையின் குடவோலையைப் பாராட்டும் நாம் இக்குறையையும் கருதுதல் வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டுச் செய்தி விரிவானது. ஈண்டுச் சுருக்கமாகவே கூறுவேன். மருத்துவராக வந்த ஊ கிளெக்கார்ன் 1856-இல் சென்னை மாகாணத்தின் முதற் காட்டுக் காப்பாளரானார். 1861-இல் தென்னிந்தியக் காடுகளும் தோட்டங்களும் பற்றி நூலொன்று வெளியிட்டார். காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் குமரி முறையை அவர் கடிந்தார். அவர் காலத்துப் புகைவண்டிப் பாதைகளுக்குக் கட்டைகள் வேண்டியிருந்தமையும், அதற்காக வெட்டுண்ட மரங்களின் தொகையும் அவர் கவலைக்குரியனவாகவே இருந்தன; ஆயினும் சட்டம் இறுகியது புனம் எரித்தவன்மீதே. 1864-இல் இந்தியக் காட்டுத்துறைத் தலைவரான பிராண்டிசு காலத்தில், மத்திய மாகாணத்துப் போரிக் காட்டில் கர்னல் பியர்சன் தீக்கோடு வெட்டித் தீயை விலக்கிக் காட்டியது முன்மாதிரியாயிற்று. 1882-ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டம் காப்புக்காட்டில் தீயிடுதலையும், தீ மூட்டி அணையாது விடுதலையும் தண்டத்திற்குரிய குற்றங்களாக்கிற்று. அச்சட்டமே பெயர் மாறித் தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது.

விலக்கப்பட்ட தீ வேறு வகையில் தன் இன்மையை உணர்த்திற்று. பர்மாவின் தேக்குக் காடுகளிலும் வடஇந்தியச் சாலக் காடுகளிலும் தீயை அறவே தடுத்த இடங்களில் இளங்கன்றுகள் எழாமை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அலுவலர்க்குப் புலனாயிற்று. சில இடங்களில் தீக்காப்பைத் தளர்த்தினர். சில இடங்களில் பனிக்காலம் முடியுமுன் தாமே சிறுதீ இட்டனர். மலைமக்கள் அறிந்திருந்ததை வனத்துறை அரை நூற்றாண்டு செலவிட்டுக் கற்றது என்று கூறின் மிகையாகாது. ஆயினும் அலுவலர் இட்ட தீ மேலாண்மை எனப்பட்டது. மலைமக்கள் இட்ட தீ நாசவேலை எனப்பட்டது. சொல்லாராய்ச்சி செய்வார்க்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இனி அமெரிக்கச் செய்தியை நோக்குவோம். நம் நாட்டில் எடுத்துக்காட்டப்படுவது அதுவே ஆகலின் சற்று விரித்துரைத்தல் தகும். 1910-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் ஐடகோ, மாண்டானாப் பகுதிகளில் இரண்டு நாளிற் பரவிய பெருந்தீ ஏறத்தாழ முப்பது இலட்சம் ஏக்கர் காட்டை எரித்து, எண்பதுக்கு மேற்பட்ட உயிரைக் கொண்டது. அவ்வச்சத்தில் வளர்ந்த காட்டுத்துறை 1935-இல் ஓர் ஆணை பிறப்பித்தது: எந்தத் தீயும் கண்ட மறுநாள் முற்பகல் பத்து மணிக்குள் அடக்கப்படல் வேண்டும். மனிதர் செல்லற்கரிய மலையுச்சியில் மின்னல் மூட்டிய தீயையும் விடாது, காவற் கோபுரத்திலிருந்து கண்டு, 1940 முதல் வானூர்தியிலிருந்து குடைகொண்டு ஆள்களை இறக்கியும் அணைத்தனர். அதன் விளைவாகச் சருகும் சிறுமரமும் ஆண்டுதோறும் மிகுந்து, பின்வரும் தீக்கு உணவாகச் சேர்ந்தன. 1964-இல் இயற்றப்பட்ட வனாந்தரச் சட்டம், மனிதன் வந்துபோகும் விருந்தினனேயன்றித் தங்கி வாழ்வோன் அல்லன் என்னும் கருத்தில் சில காடுகளை வரையறுத்தது. அவற்றுள் ஒன்றாகிய செல்வே–பிட்டர்ரூட்டு வனாந்தரத்தில் 1972-இல் மின்னலால் எழுந்த சிறுதீ ஒன்றைக் காட்டுத்துறை முதன்முறையாக அணையாது விட்டு நோக்கிற்று. அன்று முதல் அத்தகைய இடங்களில் தீ எழுந்தால், அஃது எழுந்த இடம், காற்று, ஈரம், பருவத்தில் எஞ்சிய நாள், குடியிருப்பின் தொலைவு ஆகியவற்றைச் சீர்தூக்கி, எரியவிடுவதா, ஒருபுறம் மட்டும் மறிப்பதா, முழுதும் அணைப்பதா என்று முடிவு செய்கின்றனர். 1988-இல் யெல்லோசுடோன் பூங்காவின் மூன்றிலொரு பங்கிற்கு மேல் தீ பரவியபோது இக்கொள்கை கடுமையாகத் தாக்கப்பட்டது. அவ்வாண்டுத் தீக்களுள் மிகப் பெரியதொன்று மின்னலால் அன்றி, மரம் வெட்டச் சென்றோர் விட்டெறிந்த வெண்சுருட்டுத் துணுக்கால் எழுந்தது என்பதைத் தாக்கியோர் பலர் கருதவில்லை. கொள்கை திருத்தப்பட்டது, கைவிடப்படவில்லை.

இக்கொள்கையின் அடிப்படை, தீயை அதன் பிறப்பால் பிரிப்பது. மின்னலாற் பிறந்தது இயற்கைத் தீ. மனிதன் கையாற் பிறந்தது அயற்றீ. அமெரிக்க மேற்கு மலைகளில் இப்பிரிவினைக்கு ஓரளவு இடமுண்டு. ஆங்குக் கோடையின் பிற்பகுதியில், பெய்யும் மழை நிலத்தை அடையுமுன்னரே ஆவியாகிவிட, மின்னல் மட்டும் உலர்ந்த காட்டில் விழும். அந்த உலர்மின்னல் எண்ணற்ற தீக்களை மூட்டும். (அங்கும் செவ்விந்தியர் பன்னூற்றாண்டு தீயிட்டுப் பேணிய காடுகளையே மனிதர் தீண்டாத வனாந்தரம் என்றனர் என்பதை அந்நாட்டு அறிஞரே பின்னர் எடுத்துக்காட்டினர்.) நம் காட்டிலோ மின்னல் மழையோடு வரும். குறிஞ்சி யாமத்தின் இடியும் பாலை நண்பகலின் தீயும் வெவ்வேறு பொழுதின. ஆகவே மின்னல் தீயை மட்டும் எரியவிடுவோம் என்னும் விதியை இங்கே நட்டால், எரியவிடுதற்கு ஒரு தீயும் கிட்டாது. பெயரளவில் தாராளமாகத் தோன்றும் அவ்விதி, நடைமுறையில் 1882-ஆம் ஆண்டின் முழுத்தடையாகவே முடியும்.

முழுத்தடையால் காடு யாதாயிற்று என்பதற்கு நம் எல்லையிலேயே சான்றுண்டு. சத்தியமங்கலத்தை அடுத்துக் கருநாடகப் பகுதியிலுள்ள பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர், தரகு பெங்கி எனப்படும் சருகுத்தீயை இடும் வழக்கமுடையர். உயரே எழாது, தரையிலுள்ள சருகையும் புல்லையும் மட்டும் எரித்துச் செல்லும் தீ அது. 1974-இல் அம்மலை விலங்குப் புகலிடமானபின் அவ்வழக்கம் தடுக்கப்பட்டது. பின்னர் உண்ணிச்செடி காடெங்கும் அடர்ந்தமையும், நெல்லி மரங்களில் புல்லுருவி மிகுந்தமையும் தீயில்லாமையால் நேர்ந்தவை என்பது சோளகர் கூறுவது. வனவியல் அறிஞர் சிலர் இதனை ஆராய்ந்து, தீக்கும் உண்ணிக்கும் உள்ள உறவு இருவழிப்பட்டது என்கின்றனர். அடர்ந்த உண்ணி தீப்பற்றினால் தீ உயர்ந்தெழுந்து மரத்தைக் கொல்லும். மரம் இறந்த வெளியில் உண்ணியே மீண்டும் முளைக்கும். ஆதலின் இன்று பழைய சருகுத்தீயை அப்படியே மீட்டுவிடலாம் என்பதும் எளிதன்று. முதுமலையில் 1988 முதல் 50 எக்டர் பரப்பில் ஒவ்வொரு மரத்தையும் எண்ணித் தீயின் விளைவைக் குறித்து வருவோரும் உள்ளனர். இத்தகைய பொறுமையான கணக்கே முடிவுகளுக்கு வழிகாட்ட வேண்டும்.

நீலமலைப் புல்வெளிகளைப் பற்றிய பழைய கருத்தொன்றும் இங்கு நினைக்கத்தக்கது. தொதவரும் பிறரும் தீயிட்டுச் சோலையை அழித்தமையாலேயே புல்வெளி தோன்றியது என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். 1993-இல் சுகுமாரும் உடனாய்வாளரும் அம்மலையின் புதைசேற்றை ஆராய்ந்து வெளியிட்ட முடிவின்படி, இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் அங்குப் புல்வெளி இருந்தது. தொதவர்மீது சுமத்திய பழியை மண்ணே விலக்கிற்று. குரங்கணியிலும் தீ எழுந்தவுடன் மலையடிவார மக்களையே சுட்டியோர் உண்டு. மீட்கச் சென்று, தீய்ந்த உடல்களைத் தூளியிற் கட்டிச் சுமந்து இறக்கியவரும் அம்மலை மக்களே.

மின்னல் தீ நம் நாட்டில் எழவே எழாது என்று யான் கூறவில்லை. கோடைமழைக்கு முற்பட்ட வறள் இடி புல்மேட்டில் விழுந்து எரிதல் கூடும். வெப்பமும் மழையும் நிலைமாறி வரும் இக்காலத்தில் அது மிகவும் கூடும். ஆதலின் தீ எழுந்த இடத்துக் காரணத்தை ஆராயாமலே நிரப்பும் வழக்கம் மாறவேண்டும். இந்திய வன அளவைத் துறை 2004 முதல் செயற்கைக்கோள் வழியாகத் தீயிடத்தைக் கண்டு அறிவிக்கின்றது. தீ எங்கே என்று வானிலிருந்து அறியலாம். அது யார் கையால், எக்காரணத்தால் என்பதை வானத்துக் கண் கூறாது. அதனைக் காட்டில் நடந்து சென்று கேட்டே அறிதல் வேண்டும்.

கேட்டறிதலில் தமிழ்த்துறைக்கும் பங்கு உண்டு. தீயின் வகைகளை மலைமக்கள் எவ்வெப் பெயரால் வழங்குகின்றனர் என்பதற்கு நம்மிடம் முறையான தொகுப்பு ஒன்றும் இல்லை. பட்டமேற்படிப்பு மாணவர் சிலர் செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பகுதியின் இருளரிடத்தும், சவ்வாது, கல்வராயன் மலைகளின் மலையாளிகளிடத்தும் சென்று இச்சொற்களைத் திரட்டத் தொடங்கியுள்ளனர். தரைத்தீக்கும் மரந்தாவும் தீக்கும், விதைக்கு முன் இடும் தீக்கும் மேய்ச்சலுக்கு இடும் தீக்கும், எதிர்த்தீக்கும் தனித்தனிச் சொல் கிட்டுமாயின், கரிபுனம், ஞெலிகோல் முதலிய பழஞ்சொற்களின் பொருளும் தெளிவுபெறும். இடியால் எழுந்த காட்டுத்தீக்கு அவருட் சிலரிடமேனும் தனிச்சொல் உண்டா என்பதே அவர்களிடம் யான் முதற்கண் கேட்டுவரச் சொல்லியிருக்கும் வினா.